வர்க்கலாக் குன்றைக் கரைப்பது கடல் மட்டுமன்று

கேரளத்தில் வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரையை ஒட்டி நிற்கும் செங்குன்றின் அடிவாரத்தில், பலத்த மழை ஓய்ந்த ஒரு காலையில் மாணவர்களுடன் நின்றிருந்தேன். மணல் அடுக்கு முடிந்து களிமண் அடுக்கு தொடங்கும் இடத்தில், கோடு போட்டாற்போல் நீர் கசிந்துகொண்டிருந்தது. அக்களிமண்ணைப் பெருவிரலால் அழுத்தியபோது ரேகை அப்படியே பதிந்தது. குன்று எங்கே சரியும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தக் கசிவுக் கோட்டைத்தான்.

இத்தகைய குன்றுகளைக் கடல்தான் அரிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். மழைக்கால அலைகள் அடிவாரத்தைக் குடைவது உண்மையே. ஆயினும் மேலிருந்து இறங்கும் நீரையே நான் அதிகம் அஞ்சுகிறேன். உச்சியில் துளைகள் நிறைந்த செம்புரைக்கல். அதன்கீழ் சரியாக இறுகாத மணற்பாறை. இடையிடையே பல நிறக் களிமண். மழைநீரும், குன்றின்மேல் உள்ள கட்டடங்களின் கழிவுநீர்க் குழிகளிலிருந்து ஊறும் நீரும் மணலுக்குள் இறங்கி, களிமண்ணில் தடைபட்டுப் பக்கவாட்டில் வெளியேறும்போது மணலையும் சிறிது சிறிதாக இழுத்து வந்துவிடுகின்றன. தாங்கலை இழந்த செம்புரைக்கல் பின்னர் பாளம் பாளமாக விழுகிறது.

புவியியலில் இவ்வூரின் பெயராலேயே வழங்கும் இந்த அடுக்குகள் மயோசீன், பிளியோசீன் எனப்படும், மில்லியன் கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காலங்களைச் சேர்ந்தவை. இங்கே சங்கு, சிப்பிகளின் புதைபடிவங்களைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். அவற்றுக்கு அஷ்டமுடிக் காயலோரப் படப்பக்கரையின் சுண்ணாம்புக்கல்லைப் பார்க்க வேண்டும். அது இதைவிடப் பழையது, கடலடியில் படிந்தது. வர்க்கலாவிலோ கரையோரச் சதுப்பின் தாவரங்கள்தாம் எஞ்சியுள்ளன: நுண்ணிய மகரந்தத் துகள்களும், நெய்வேலியால் நமக்குப் பழகிய பழுப்பு நிலக்கரியும். ஈரமான துண்டொன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மரத்தின் நார்வரிகள் தெரியும். அதையே வீட்டுக்குக் கொண்டுபோனால், உலர்ந்து வெடித்துப் பொடியாகிவிடும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் போற்றும் ஓர் இடத்தின் அடியை அதற்காகத் தோண்டுவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள்.

மழைக்குப் பின் குன்றின் நிழலில் உட்காராதீர்கள். உச்சி விளிம்புக்கு இணையாகப் புதிய வெடிப்பு தெரிந்தாலோ, அடியில் ஊறும் நீர் கலங்கி வரத் தொடங்கினாலோ, உள்ளே மண் நகர்கிறது என்று கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உடனே விலகிவிடுங்கள்.