கரிய கோடு எங்கே ஓடுகிறது?

ரப்பர் ஒட்டாத மேசைப்பந்து மட்டையின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், வெளிர்நிற மர அடுக்குகளுக்கு இடையே பென்சிலால் இழுத்தாற்போல் இரண்டு கரிய கோடுகள் சில மட்டைகளில் தெரியும். அவைதாம் கார்பன் இழை அடுக்குகள். மட்டையின் தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்றும், இழை சேர்த்த ஒட்டுப்படலம் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம், 0.35 மி.மீ. ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்றும் சர்வதேச விதி சொல்கிறது. இவ்வளவு மெல்லிய படலம் மட்டையின் குணத்தையே மாற்றிவிடுவது வியப்புக்குரியது.

கார்பன் இழை, தன் நீளவாக்கில், மரத்தைவிட ஏறத்தாழ இருபது மடங்கு விறைப்பானது. மரமோ ரேகையின் திசையில் உறுதியாகவும் குறுக்கே மிகவும் தளர்ந்தும் இருக்கும். இரு திசையிலும் நெய்த கார்பன் துணி அந்தக் குறுக்குத் தளர்ச்சியை ஈடுசெய்வதால், பந்து நடுவைவிட்டுச் சற்று விலகிப் பட்டாலும் அடி வலுவிழப்பதில்லை.

ஆனால் கார்பன் இருக்கிறதா என்பதைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம் என்பேன். மட்டை வளையும்போது ஒரு முகம் இழுபடுகிறது, மறுமுகம் அமுங்குகிறது, நடுத்தளம் மட்டும் நீளம் மாறாமல் நிற்கிறது. வளைவை ஓர் அடுக்கு எதிர்க்கும் வலிமை, நடுத்தளத்திலிருந்து அதற்குள்ள தொலைவின் வர்க்கத்துக்கேற்ப உயரும். உதாரணமாக, 1.6 மி.மீ. தொலைவில் இருக்கும் இழையை 2.4 மி.மீ. தொலைவுக்கு நகர்த்தினால், தொலைவு ஒன்றரை மடங்குதான் கூடும். அந்த இழை தரும் விறைப்போ இரண்டேகால் மடங்காகிவிடும். ஜப்பானின் பட்டர்ஃபிளை நிறுவனம் தயாரிக்கும் விஸ்காரியா என்னும் மட்டையில் இழை மேல்மரத்துக்கு அடுத்தே இருக்கிறது. அதே நிறுவனத்தின் இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏஎல்சி என்னும் மட்டையில் அதே வகை இழை நடுமரத்தை ஒட்டி உள்ளே போய்விடுகிறது. முன்னது பந்தைச் சட்டென்று வெளியேற்றும். பின்னதில், மெதுவாகச் சுழற்றி ஆடும்போது மரமட்டையின் இதம் தெரிவதாக ஆடுபவர்கள் சொல்கிறார்கள். பந்துக்கும் இழைக்கும் நடுவே கூடுதலாக ஒரு மர அடுக்கு நின்று அமுங்கிக் கொடுப்பது அதற்கு ஒரு காரணம்.

பந்து ரப்பரைத் தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிவினாடிதான். ஆகவே கை உணர்வது பெரும்பாலும், பந்து போன பின்பும் மட்டையில் எஞ்சி நிற்கும் அதிர்வையே. விரல்தோலின் அதிர்வுணர்வு 250 ஹெர்ட்ஸ் அளவில் மிகக் கூர்மையானது. ஆயிரத்தைத் தாண்டினால் மங்கத் தொடங்கும். எடை கூடாமல் விறைப்பு கூடினால் அதிர்வெண் ஏறும். வெறும் மட்டையில் பந்தைத் தட்டிப் பாருங்கள்: ஐந்தடுக்கு மரமட்டை 'டொக்' என்று தாழ்ந்து ஒலிக்கும், வெளிக்கார்பன் மட்டை 'டிக்' என்று உயர்ந்து ஒலிக்கும். விறைப்பான மட்டையில் அடி பட்ட செய்தி கைக்குக் குறைவாகவே வந்து சேர்வதற்கும் இதில் பங்குண்டு. அதிர்வை உறிஞ்சும் ஆரிலேட் இழையைக் கார்பனோடு சேர்த்து நெய்வது, அந்த வறண்ட உணர்வைத் தணித்து மென்மையாக்கத்தான்.