பாலிசி எப்படிக் கொள்கை ஆனது?

"உங்கள் கொள்கை வரும் 15ஆம் தேதி காலாவதியாகிறது." அம்மாவின் போனுக்கு வந்த குறுஞ்செய்தி. "எனக்கு ஏதுடா கொள்கை?" என்று கேட்டார். ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் பாலிசியைத்தான் கொள்கை என்று மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள் என்று விளக்க வேண்டியதாயிற்று. இது மூன்றாவது தடவை.

கொள்கை என்றால் ஒருவர் விடாமல் பிடித்து நிற்கும் கருத்து. கட்சிகளில் கொள்கைப் பரப்புச் செயலாளர் என்றே பதவி உண்டு. இந்த மொழிபெயர்ப்புப்படி பார்த்தால் அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்!

ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதினாலும் பாலிசி இரண்டு சொல். அரசின் பாலிசி, நகரைக் குறிக்கும் 'பொலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. இன்சூரன்ஸ் பாலிசி இத்தாலியின் 'பொலிட்ஸா'. அதன் வேரும் கிரேக்கம்தான், ஆனால் சான்று என்ற பொருளுள்ள வேறு சொல். பிரெஞ்சில் இன்றும் அரசினுடையது 'பொலிதீக்', இன்சூரன்ஸ் தாள் 'பொலீஸ்'.

நண்பர் ஒருவர் கொள்கைக்கு வக்காலத்து வாங்கினார். "கொள்வது கொள்கை, பாலிசியும் நாம் வாங்கிக்கொள்வதுதானே?" என்றார். அப்படியானால் கத்தரிக்காயும் கொள்கைதான். சரி, வேரை விடுவோம். பயிர்க் காப்பீட்டில் அரசு எடுக்கும் நிலைப்பாட்டைக் காப்பீட்டுக் கொள்கை என்கிறோம். ஒரு விவசாயியின் கையில் இருக்கும் தாளுக்கும் அதே பெயர் என்றால், 'காப்பீட்டுக் கொள்கை ரத்து' என்ற செய்தியைப் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? 'திட்டம்' என்பதும் சரிவராது. ஒரே திட்டத்தில் லட்சம் பேர் சேரலாம். ஆளுக்கொரு எண்ணோடு கைக்கு வருவது வேறு.

அதற்குப் பத்திரம் என்று சொல் இருக்கிறது. காப்பீட்டுப் பத்திரம். முன்பாதியை இலங்கையில் சொல்வதுபோல் காப்புறுதி என்றாலும் எனக்குச் சம்மதமே. பத்திரம் வடசொல் என்று தூயதமிழ் அன்பர்கள் முறைப்பார்கள். அவர்கள் 'காப்புமுறி' என்று எழுதட்டும். ஆவணத்துக்கு முறி பழைய சொல், இலங்கையில் பிணைமுறி என்று இன்றும் புழங்குகிறது. என் காதில் மட்டும் எலும்பு முறிவுதான் கேட்கிறது. பத்திரத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலையையும் ஏட்டையும் குறிக்கும் 'பத்ர' (patra), நலத்தைக் குறிக்கும் 'பத்ர' (bhadra) என்று வடமொழியில் ஒலியே வேறான இரண்டு சொற்கள், தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. பாலிசிக்கு ஆங்கிலத்தில் நேர்ந்த அதே கதை. ஆனால் இங்கே நமக்கு லாபம்: பத்திரத்தைப் பத்திரமாக வை என்கிறோம்.

பேச்சில் பாலிசி என்றே இருக்கட்டும், யாருக்கும் குழப்பமில்லை. எரிச்சல் எல்லாம் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுபவர்கள் மீதுதான். பாலிசியைப் பாதியில் முடித்தால் கிடைக்கும் ஒப்படைப்புத் தொகை, ஆங்கிலத்தில் 'சரண்டர் வேல்யூ', இவர்கள் கையில் 'சரணடைதல் மதிப்பு' ஆகிறது. வெள்ளைக்கொடியும் அனுப்புவார்களோ?

அம்மாவின் பீரோவில் ஒரு மஞ்சள் பை. வீட்டுப் பத்திரம், எல்ஐசி பத்திரம் எல்லாம் அதில்தான். புதுப்பித்த ஸ்கூட்டர் தாளையும் அதற்குள் சொருகினார். "இதுவும் பத்திரம்தானே?"