பசியை அடக்க மாத்திரை கேட்டு வருபவர்களிடம்

ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி படபடப்பு என்று வந்தார். 42 வயது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, ரத்த அழுத்தம் 160/100. வாய் உலர்ந்துகொண்டே இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருவதில்லை என்றார். தைராய்டு பரிசோதனையில் கோளாறு ஒன்றும் இல்லை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மூன்றாவது முறை கேட்டபோதுதான் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பா வெளியே வந்தது.

“இது மருந்து இல்லை டாக்டர், மூலிகை. பசியே எடுக்காது. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறேன்.”

டப்பாவின் மேல் பச்சை இலைப் படம். தயாரிப்பாளர் முகவரியோ உரிம எண்ணோ இல்லை. உள்ளே என்ன இருந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்படக் காரணம் உண்டு. சிபுட்ராமின் என்றொரு பசியடக்கி இருந்தது. மூளையில் சில ரசாயனங்களின் அளவைக் கூட்டி, வயிறு நிறைந்துவிட்ட உணர்வைத் தரும். கூடவே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இதயநோயோ சர்க்கரைநோயோ உள்ள ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் 16 சதவீதம் கூடியிருந்தன. 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதைக் கைவிட்டன, 2011இல் இந்தியா தடை செய்தது. அதன் பிறகும், ‘இயற்கை’ என்று விற்கப்படும் கேப்ஸ்யூல்களுக்குள் அதே சிபுட்ராமின் ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

மற்ற பசியடக்கிகளும் நல்ல பெயர் எடுத்துவிடவில்லை. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் சந்தையிலிருந்து போனது. ரிமோனபன்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் போனது. பசி என்பது மூளையில் தனியாக ஒரு சுவிட்ச் இல்லை. அதை அணைக்கக் கை வைத்தால் பக்கத்தில் உள்ளவையும் அசையும்.

கேப்ஸ்யூலை அன்றே நிறுத்தச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். மூன்று நாள் வாயில் போவதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள், பக்கத்திலேயே பசித்ததா இல்லையா என்றும் குறியுங்கள் என்று அனுப்பினேன். மகனின் பழைய கணக்கு நோட்டில், பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். டீ நாளைக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 11 மணிக்குக் கடையில் எல்லோரோடும் ஒரு வடை. பில் போடும் இடத்தில் எப்போதும் திறந்திருக்கும் மிக்சர் பொட்டலம். இரவு பத்தரைக்குச் சாப்பாடு, அதற்குமேல் பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை. ‘வீணாகிவிடுமே’ என்றே எழுதியிருந்தார். பதினெட்டு இடங்களில் ‘பசித்தது’ என்று இருந்தது நான்கில் மட்டும்.

என்னிடம் பசியை அடக்க மாத்திரை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் பசிக்காகச் சாப்பிடுபவர்கள் அல்லர். அலுப்புக்கு, பழக்கத்துக்கு, பக்கத்தில் இருப்பவருக்காக, வீணாக்கக் கூடாது என்பதற்காகச் சாப்பிடுகிறார்கள். இல்லாத பசிக்கு எதற்கு மாத்திரை?

கணக்கையும் உட்கார்ந்து போட்டோம். எட்டு ஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய். ஆளுக்கு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், அதிலேயே 300 கலோரிக்கு மேல். பாதியாகக் குறைத்தால் குழம்பின் ருசி ஒன்றும் கெட்டுவிடாது. இன்னொன்று தூக்கம். பன்னிரண்டுக்குப் படுத்து, தண்ணீர் பிடிக்க நான்கரைக்கு எழுகிறார். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறும் என்று அவரிடம் சொன்னேன். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை என்னால் மாற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மாலை வேலைகளில் இரண்டைக் கணவரிடம் கொடுங்கள் என்றேன். சிரித்தார்.

இப்போது எல்லோரும் கேட்பது வாரம் ஒருமுறை போடும் ஊசி. அதில் உள்ள செமாக்ளூடைடு என்ற மருந்து பழைய பசியடக்கிகளைப் போன்றது அல்ல. குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலவே வேலை செய்வது. 68 வார ஆய்வில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. எடை மிக அதிகமாக இருப்பவர்களுக்கு, அதோடு சர்க்கரைநோய், இதயநோய் சேர்ந்தவர்களுக்கு, நானே எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். குமட்டல், மலச்சிக்கல், பித்தப்பைக் கல் வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். பருப்பு, முட்டை, மீன், சுண்டல் இல்லாமல் வெறும் ரசம் சாதத்தோடு இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், எடை இறங்கும்போது தெம்பும் இறங்கும். கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எழுதுவதில்லை.

வாழ்க்கைமுறை மாற்றம் மெதுவானதுதான். ஆனால் சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரைநோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரைநோய் மாத்திரை குறைத்தது 26.4. அந்த உணவுக்காரர்களின் எடையில் பெரிய மாற்றம் இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தப் பெண்மணிக்கு ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. முதல் மாதம் இரண்டு கிலோ ஏறி, பிறகு இறங்கியது. ரத்த அழுத்தம் 130/84. உங்கள் வீட்டிலும் இலைப் படம் போட்ட டப்பா ஏதாவது இருந்தால், குப்பையில் போடும் முன் மருத்துவரிடம் ஒருமுறை எடுத்துச் சென்று காட்டுங்கள். எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.