வளையல் போட்டுக்கொள்ளச் சொல்லும் மேடைகள்

இலங்கையில் 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பேச்சாளர் எதிரணிக்காரரைச் சாடிக்கொண்டே வந்து, "செய்ய முடியாட்டி சேலையக் கட்டிக்கிட்டு, வளையலப் போட்டுக்கிட்டு வீட்டுல கெடக்கட்டும்" என்றார். பலத்த கைதட்டல். எனக்கு முன்னால் நின்ற அக்காவும் தட்டினார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், இரண்டு கையிலும் வளையல். நாளைக்குக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு, அட்டைக்கடியோடு மலையேறி 18 கிலோ, 20 கிலோ என்று பறித்துக்கொண்டு வரப்போகிற கைகள். அந்தக் கைகளைக் காட்டித்தான் "ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஓர் ஆணைத் திட்டுகிறார்கள். அதற்கு அந்தக் கைகளே தட்டுகின்றன.

நான் ஹட்டன் பக்கம் வேலை செய்யும் உளவளத்துணையாளர். 2018 தேர்தலில் இருந்து பெண் வேட்பாளர்களுக்கான செயலமர்வுகளும் நடத்தி வருகிறேன். இதில் வரும் பெண்கள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

செயலமர்வில் நான் முதலில் செய்வது ஒன்றுதான். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, நீங்கள் தேர்தல் கேட்கிறீர்கள் என்று தெரிந்ததும் காதில் விழுந்த முதல் பேச்சை எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்பேன். போன வருடம் 14 பேர் இருந்த ஒரு மண்டபத்தில் வந்த துண்டுகள் இவை: "உங்க வீட்டுல ஆம்பளையே இல்லியா?" "ராத்திரிக் கூட்டத்துக்கு யாரோட போவ?" "சமைச்சு வச்சிட்டுப் போ." "படிச்ச பொண்ணுன்னு நெனச்சோம்." அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. ஆனால் இரண்டு துண்டுகளில் எழுத்து பாதியிலேயே நின்றிருந்தது. சொன்னது யார் என்று கேட்டால் கட்சிக்காரர், கொழுந்தனார், பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் சித்தி என்று எல்லாம் தெரிந்த முகங்கள். "அவங்க சும்மாதான் சொன்னாங்க மிஸ்." இந்தச் 'சும்மா'தான் என் வேலையில் எனக்குப் பெரிய தலைவலி. வெளிப்படையான வசைக்கு முகம் கொடுத்துப் பேசலாம், பொலிஸுக்கும் போகலாம். சும்மா சொன்னதற்கு என்ன பதில் சொல்வது? கோபப்பட்டால் "இதுக்கே இப்படின்னா எப்படி அரசியல் செய்யப் போற?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போனால் நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். என்னிடம் வந்தவர்களில் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட பிறகு பின்வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் பிள்ளைக்குச் சுகமில்லை என்பார்கள். நாலைந்து முறை உட்கார்ந்து பேசிய பிறகுதான் அந்தச் சும்மாப் பேச்சு ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இதில் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்தது, 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் அந்த நேரத்தில் உருவானதால் கட்சிகள் பெண் பெயர் தேடி லயம் லயமாக அலைந்தன. "கையெழுத்து மட்டும் போடும்மா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று கேட்டு வாங்கியவர்களே, சபைக்குப் போன பிறகு அதே பெண்ணை "கோட்டாவில் வந்தவ", "பட்டியல்ல வந்தவ" என்றார்கள். வட்டாரத்தில் நேரடியாக வென்று வராமல், கட்சி பெற்ற வாக்குக்கு ஏற்ப உறுப்பினரை எடுக்கும் அதே மேலதிகப் பட்டியலில் ஆண்களும் வருகிறார்கள், அவர்களை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

புகழ்ச்சியிலும் இது இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், மேடையில் நன்றாகப் பேசிவிட்டு இறங்கிய ஒரு தங்கச்சியிடம் "ஆம்பளை மாதிரி தைரியமாகப் பேசினீங்க" என்று நானே சொன்னேன். "ஏன் மிஸ், பொம்பள மாதிரிப் பேசினா தைரியம் வராதா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

அப்புறம், பெயர். துண்டுப்பிரசுரத்தில் ஆண் வேட்பாளருக்குச் சங்கத்தில் வகித்த பதவி, படிப்பு, செய்த வேலை எல்லாம் வரும். பெண்ணுக்கு "இன்னாரின் அன்பு மனைவி", "நம் வீட்டுக் குலவிளக்கு". ஒரு முன்பள்ளி ஆசிரியை 11 வருடம் வேலை செய்தவர், அவர் பிரசுரத்தில் அந்த 11 வருடத்துக்கு ஒரு வரி இல்லை, கணவர் படம் மட்டும் மூலையில் இருந்தது. இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மாளை இன்றைக்கும் பலர் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோவுக்கே "அழும் விதவை" என்று பட்டம் கட்டியது இந்த உலகம். 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவில் இருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் இருந்து அம்பிகா சாமுவேலும் விருப்பு வாக்கில் வென்று பாராளுமன்றம் போனபோது எங்கள் லயங்களில் எத்தனை பெண்கள் போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள் என்று நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அந்தப் பாராளுமன்றத்தில்கூடப் பெண்கள் 10 வீதத்தைத் தொடவில்லை. இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1931இல். இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழ்ப் பெண்கள் 1948, 49 சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்து, திரும்பப் பெறப் பல காலம் காத்துக்கிடந்தவர்கள். அப்படிக் கிடைத்த வாக்கைக் கேட்டு வருகிறவர் அவர்களையே வசைச்சொல்லாக எடுத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் வேட்பாளர் ஆட்டோவில் ஏறி இறங்கும் படம் ஒன்றை எடுத்து, கீழே இரண்டு சிரிப்பு முகம் போட்டு அனுப்பினாலே போதும், எழுத ஒன்றும் வேண்டியதில்லை. வந்த உடனே அழித்துவிடாதீர்கள். திகதி, இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். சொல்லாலும் பாலியல் தொந்தரவு செய்ய முடியும் என்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது, ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1938க்கு அழையுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம் அது. கணவர்மாரிடம் ஒன்று கேட்கிறேன்: இப்படி ஒரு படம் வந்தால் முதலில் மனைவியிடம் கேள்வி கேட்காதீர்கள், அனுப்பியவனிடம் கேளுங்கள்.

கூட்டம் நடத்துகிற சகோதரர்கள் என்னிடம் "அப்ப எதைச் சொல்லிச் சாடுறது?" என்று உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். எதிராளி தண்ணீர்த் தாங்கி கட்டித் தருகிறேன் என்று கட்டவில்லையா, அதைச் சொல்லுங்கள். லயத்துக் கூரைத்தகரம் எங்கே போனது என்று கேளுங்கள். அவர் சேலை கட்ட வேண்டிய அவசியமே இல்லை. வேட்பாளர் ஆணானால் "தலைவர்", பெண்ணானால் "அந்தப் புள்ள" என்று கூப்பிடுவதையும் விடுங்கள், நாற்பது வயதுப் பெண் புள்ளை இல்லை.

அந்த 14 பேரில் ஒருவர் நடுவில் பின்வாங்கப் பார்த்தார், பிறகு நின்றார். அவருடைய வட்டாரத்தில் நடந்த கடைசிக் கூட்டத்துக்கு என்னை வரச் சொல்லியிருந்தார். கூட்டத்தில் இருந்து ஓர் ஐயா எழுந்து, வெறுப்பில்லாமல், சும்மாதான், "நீ சபைக்குப் போயிட்டா புள்ளைகள யாரும்மா பாக்குறது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அந்த வேட்பாளர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பதினாறு வருஷமா விடியக்கால ஆறரைக்குப் புள்ளைகளப் பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டு மலைக்குப் போறேன் ஐயா. ஒரு நாளும் நீங்க இதக் கேக்கலியே."

ஐயா உட்கார்ந்துவிட்டார். முன்வரிசைப் பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள், அந்தச் சத்தத்தில் வளையல் சத்தமும் இருந்தது.