பழைய லேத்தின் பல்லை எண்ணுங்கள்

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் டிரம்மண்ட் சகோதரர்கள் நிறுவனம் செய்த சிறிய லேத்துகள் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மிஷின்கள்), நூறு வயதை நெருங்கியும் தாண்டியும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மிஷின் கிடைத்துவிடும், கையேடு கிடைக்காது. மரை வெட்ட எந்தப் பல்சக்கரத்தை எங்கே மாட்டுவது என்று சொல்லும் தகடும் பல நேரம் இருக்காது. இதற்காக மனம் தளர்ந்து அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தகட்டில் இருந்த எண்களை மிஷினை அளந்தே திரும்ப எடுத்துவிடலாம்.

முதலில் லீட் ஸ்க்ரூ. லேத்தின் அடித்தளமான பெட்டின் நீளத்துக்கு ஓடும் அந்தத் திருகுத் தண்டில், தேய்மானம் குறைந்த டெயில்ஸ்டாக் (வேலைப்பொருளின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கமாக, ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். 8 என்று வந்தால், தண்டு ஒரு சுற்று சுற்றும்போது வெட்டுளி 3.175 மி.மீ. நகரும். அங்குலத்துக்கு 16 மரை வெட்ட வேண்டுமா? வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்ற, லீட் ஸ்க்ரூ அரைச் சுற்று சுற்றினால் போதும். ஸ்பிண்டில் பக்கம் 30 பல், ஸ்க்ரூ பக்கம் 60 பல். இரண்டையும் இணைக்க நடுவில் மாட்டும் ஒற்றைச் சக்கரத்துக்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது.

இதே லேத்தில் 1.5 மி.மீ. மரை வெட்ட 1.5-ஐ 3.175-ஆல் வகுங்கள். விடை 60/127. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதன் ஐந்து மடங்கு 127. அது பகா எண் என்பதால் சிறிய சக்கரங்களைச் சேர்த்து அந்த விகிதத்தைத் துல்லியமாகக் கொண்டுவர முடியாது, நெருங்கத்தான் முடியும். 127 பல் சக்கரம் ஒன்று இருந்தால்தான் விகிதம் சரியாக வரும். எனக்கு மிகவும் பிடித்த சக்கரம் இதுதான்.

சரி, சில சக்கரங்களே தொலைந்துவிட்டால்? இருப்பதில் ஒன்றை எடுத்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அங்குலத்தில் அளந்த வெளிவிட்டத்தால் வகுங்கள். 40 பல், 2.1 அங்குலம் என்றால் விடை 20. பல்லின் அளவைக் குறிக்கும் எண் இது; புதிய சக்கரத்துக்கும் இதே எண் வேண்டும். பல்லின் அழுத்தக் கோணத்தையும் (பல்லின் பக்கச் சாய்வை) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், புதிய சக்கரம் பழையதோடு சரியாகக் கோக்கும்.

போல்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரைக்கு 60. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அதே அளவு அமெரிக்க போல்ட்டில் 13. மாற்றிப் போட்டு ஸ்பேனரால் முறுக்கினால் நூறாண்டு வார்ப்பிரும்பில் மரை போய்விடும். மரை கேஜ் வைத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

கடைசியில் பெட். வேலை அதிகம் நடப்பது, வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகில் என்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். வெட்டுளியைச் சுமந்து நகரும் சாடில் எட்டாத கோடியில் பெட் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். அந்த இடத்தை ஆதாரமாக வைத்து நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டயல் கேஜால் அளந்தால் எங்கே எவ்வளவு குழிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம்தான் பெட்டைச் சமப்படுத்தும் சுரண்டியைக் கையில் எடுக்க வேண்டும்.