சாப்பாட்டுக்குப் பின், இரவில் ஒன்று

மேம்பாலத்தின் மூன்றாவது தூணருகே படுக்கும் பெரியவர் ஒருவருக்கு இதயம் பலவீனம். கால்கள் இரண்டும் முழங்கால்வரை வீங்கியிருந்தன. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபுரோசிமைடு மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வீக்கம் கூடியிருந்தது. அட்டையில் இரண்டே மாத்திரைதான் குறைந்திருந்தது. “ஏன் ஐயா போடலை?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“போட்டுப் பாத்தேன் டாக்டரம்மா. அரை மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு வருது. பகல்ல எங்க போறது? ஓரமா ஒதுங்கினா வெரட்டுறாங்க.”

விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அந்த மருந்து வேலையைத் தொடங்கும், ஆறு மணி நேரம்போல நீடிக்கும் என்பதெல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதான். வெளியேறும் நீருக்கு ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்திலிருந்த பொதுக் கழிப்பிடம் காலையில் எப்போது திறக்கிறது என்று விசாரித்து, அந்த நேரத்துக்கு மாத்திரையை மாற்றினோம். மருந்தும் அதுவே, அளவும் அதுவே. பத்து நாளில் வீக்கம் வடிந்தது.

‘மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர்’ என்று மருத்துவக் குறிப்புகளில் நாங்கள் எழுதுவது உண்டு. தெருவில் வாழ்பவர்களைப் பற்றிய குறிப்புகளில் அந்த வரி அடிக்கடி தென்படும். இப்போது அதைப் பார்த்தால் எழுதியவர் என்ன கேட்க மறந்தார் என்றுதான் யோசிக்கிறேன். ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்றால் சாப்பாடு நிச்சயம் என்று பொருள். ‘புண்ணை ஈரம் படாமல் வைத்திருங்கள்’ என்றால் கூரை உண்டு என்று பொருள். ‘இரவில் ஒன்று’ என்றால் அயர்ந்து தூங்கினாலும் ஆபத்தில்லை என்று பொருள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை ஒரு பெண் திருப்பிக் கொடுத்தார். “ராத்திரி நான் முழிச்சிருக்கணும்மா” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்சுலின் இன்னும் சிக்கல். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது கடும் வெயில் படாமல் இருந்தால் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு குப்பிக்கு மேல் கையில் தருவதில்லை. சர்க்கரையைப் பாடப்புத்தக அளவுக்கு இறக்குவதிலும் நான் பிடிவாதம் காட்டுவதில்லை. கூடுதல் சர்க்கரை வருடக்கணக்கில் அரிக்கும். ஊசி போட்டுக்கொண்டபின் அடுத்த வேளை உணவு கிடைக்கவில்லை என்றால், தாழ்ந்துபோன சர்க்கரை அன்றிரவே ஆளைக் கொன்றுவிடும்.

பாதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1985இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வீடற்றவர்களுக்கான மருத்துவப் பணியில் சேர்ந்த ஜிம் ஓ’கானல் என்ற இளம் மருத்துவரிடம், அங்கிருந்த செவிலியர்கள் முதலில் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைக்கச் சொன்னார்கள். வந்தவர்களின் கால்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதுதான் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. இதைப் படித்தபோது பணிவைக் கற்றுத்தரும் சடங்கு என்றுதான் நினைத்தேன். களத்துக்கு வந்தபின்தான் அது வைத்தியமும்கூட என்று விளங்கியது.

உடைமைகளைக் காக்க உட்கார்ந்தபடியே தூங்குபவர்கள் ஏராளம். கால் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டே இருப்பதால் இரத்தம் தேங்கி வீங்கும். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, ஒருநாள் உடைந்து புண்ணாகும். நனைந்த காலணியை நாள்கணக்கில் கழற்றாமல் இருந்தால் பாதம் வெளுத்து ஊறி மரத்துவிடும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணைச் சாதாரணமாக நினைக்கிறோம். காலெல்லாம் சிவந்து காய்ச்சலோடு பரவும் கிருமித் தொற்றுக்கு அதுதான் வாசல். நீரிழிவால் உணர்ச்சியிழந்த பாதத்தை இரவில் எலி கடித்தாலும் தெரியாது. காலையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

காலணியைக் கழற்ற எல்லோரும் உடனே சம்மதிப்பதில்லை. நாற்றத்துக்கு வெட்கப்படுவார்கள், கழற்றிய செருப்பு திருடுபோகும் என்ற பயமும் உண்டு. நான்காவது, ஐந்தாவது முறை போகும்போதுதான் “சரி, பாருங்க” என்பார்கள். புண்ணில் புழு இருந்தால் முகம் சுளிக்காமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எனக்கு அது பழக ஒரு வருடமாவது ஆகியிருக்கும்.

1992இல் பிட்ஸ்பர்க் நகரில் ஜிம் விதர்ஸ் என்ற மருத்துவர் இரவில் தெருக்களுக்குச் சென்று வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது, முன்பு தெருவில் வாழ்ந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனார். எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். யாரை எழுப்பலாம், யாரை எழுப்பக் கூடாது, யார் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தூங்குபவரைத் தொட்டு எழுப்பாதே, கால்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று உன் பெயரைச் சொல், பிறகு குத்தவைத்து உட்கார் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தலைமாட்டில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் உதைக்கவோ துரத்தவோ வந்தவர்கள்தானாம்.

பொதுமக்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. அழுக்கு உடையில் ஒருவர் விழுந்து கிடந்தால் ‘குடித்திருக்கிறார்’ என்று கடந்துவிடாதீர்கள். மருத்துவமனை ஒன்றில் அப்படி ஓரமாகக் கிடத்தப்பட்ட ஒருவரின் விரலில் ஊசி குத்திப் பார்த்தபோது சர்க்கரை 38. அதுவே 70க்குக் கீழே போனாலே குறைவுதான். குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, தன் பை எங்கே என்று கேட்டார். வாயில் மது வாடையும் இருந்தது என்பது உண்மை. ஆனால் குடித்தவருக்கும் சர்க்கரை குறையும், வலிப்பு வரும், தலைக்குள் இரத்தம் கசியும். நெடுநாள் குடிப்பவரின் மூளை சுருங்கியிருப்பதால், சில வாரங்களுக்கு முன் விழுந்த சிறு அடிகூட மெதுவாகக் கசிந்து மயக்கத்தில் கொண்டுவந்து விடலாம்.

கூப்பிட்டுப் பாருங்கள். விழிக்கவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சே இல்லை என்றால் அழைப்பை எடுப்பவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். படம் எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நல்ல மனத்தோடு செய்யப்படுவது. குடிக்கு அடிமையானவரை ‘மீட்டு’ ஓர் அறையில் அடைத்துத் திடீரென்று குடியை நிறுத்த வைப்பார்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தொடர்ந்து சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போனதுண்டு. அது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய காரியம்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள் என்பதால் முதல் நாளே சொல்லிவிடுவோம். இத்தனைக்கும் பிறகு நான்காவது மாதம் அந்த நடைபாதையைக் ‘காலி’ செய்கிறார்கள். பாயும் பையும் குப்பை வண்டியில் போகின்றன, மாத்திரையும் அதற்குள்தான். ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆகும். சிலரைக் கண்டுபிடித்ததே இல்லை. மாதம் ஒருமுறை போடும் மனநோய் ஊசிகளை நான் விரும்புவதற்குப் பாதிக் காரணம், அவற்றை யாரும் வாரிக்கொண்டு போக முடியாது என்பதுதான்.

மருத்துவமனைப் பதிவுப் படிவத்தில் முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால் பெரியவரின் சீட்டில் ‘மேம்பாலம், மூன்றாவது தூண்’ என்று எழுதிவைத்திருந்தேன். போன வாரம் மூன்றாவது தூணில் அவர் இல்லை. பதறித் தேடினால் ஐந்தாவது தூணருகே உட்கார்ந்திருந்தார். பழைய இடத்தில் மழைக்கு ஒழுகுகிறதாம். “சீட்டுல மாத்தி எழுதிக்கோ டாக்டரம்மா” என்றார். எழுதிக்கொண்டேன்.