கப்பலில் ஷார்ட் ஆனால் எந்த பிரேக்கர் முதலில் டிரிப் ஆக வேண்டும்?

2024 மார்ச் 26 அன்று பால்டிமோரிலிருந்து கிளம்பிய ‘டாலி’ சரக்குக் கப்பலில் மின்சாரம் போய், அது பாலத்தின் தூணில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். “அவ்வளவு பெரிய கப்பலில் எங்கோ ஒரு கோளாறு வந்தால் மொத்தக் கப்பலும் ஏன் இருள வேண்டும்? ஃபியூஸ் இல்லையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டாலியில் நடந்தது ஷார்ட் சர்க்யூட் அல்ல. ஒரு கம்பி அதன் முனையத்தில் சரியாக உட்காராததால் ஒரு பிரேக்கர் தானாகத் திறந்துகொண்டது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. ஷார்ட் ஆகும்போதுதான் அதன் முழுக் கனமும் தெரியும்.

நம் தெருவில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வீட்டுக்கும் நடுவே நீளமான கம்பி இருக்கிறது. அதன் தடையே ஷார்ட் மின்னோட்டத்தைப் பாதி அடக்கிவிடும். கப்பலில் ஜெனரேட்டருக்கும் சுவிட்ச்போர்டுக்கும் இடையே சில மீட்டர்தான். 440 வோல்ட், 2 எம்விஏ ஜெனரேட்டர் ஒன்றின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 2,620 ஆம்பியர். ஷார்ட் ஆன கணத்தில் அதைத் தடுக்க ஜெனரேட்டருக்கு உள்ளே இருப்பது 15 சதவீத மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) மட்டுமே. ஆக 17,500 ஆம்பியர் பாயும். நான்கு ஜெனரேட்டர் சேர்ந்து ஓடினால் 70,000. ஓடிக்கொண்டிருக்கும் பம்பு மோட்டார்களும் சில கணங்கள் ஜெனரேட்டராக மாறித் தங்கள் பங்கைத் தள்ளும். 80,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் அலையின் உச்சம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், சுமார் 1,75,000 ஆம்பியர். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பஸ்பார்கள் (சுவிட்ச்போர்டுக்குள் மின்சாரத்தைச் சுமக்கும் தடித்த உலோகப் பட்டைகள்) அப்போது மீட்டருக்கு ஆறு டன் விசையில் ஒன்றையொன்று உதைக்கும். பீங்கான் தாங்கிகள் அப்பளம்தான்.

போர்டை நடுவில் பிரித்து, பக்கத்துக்கு இரண்டு ஜெனரேட்டராக ஓட்டினால் 40,000 ஆம்பியரோடு போகும். ஆனால் ஒரு பக்கத்தின் உபரி மறுபக்கத்துக்கு உதவாது. சேர்ந்தும் இருக்க வேண்டும், ஷார்ட் ஆன கணத்தில் பிரிந்தும் போக வேண்டும். சாதாரண பிரேக்கர் திறக்கப் பல பத்து மில்லி நொடி ஆகும். உச்சமோ 8 மில்லி நொடிக்குள் வந்து போய்விடும்.

இதற்காக 1950-களில் ஜெர்மனியில் பிறந்த கருவிதான் ஐஎஸ் லிமிட்டர். இரண்டு பாதிகளையும் இணைக்கும் இடத்தில் ஒரு செம்புக் குழாய். அதன் வயிற்றில் சிறு வெடிமருந்து. பக்கத்திலேயே இணையாக ஒரு மெல்லிய ஃபியூஸ். அன்றாடம் ஆயிரக்கணக்கான ஆம்பியரும் குழாய் வழியே போகும், ஃபியூஸுக்கு வேலையே இல்லை. ஷார்ட் ஆனால் இணைப்பின் வழியே மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 21 ஆம்பியர் என்ற வேகத்தில் ஏறத் தொடங்கும். பெரிய மோட்டார் கிளம்பும்போதும் மின்னோட்டம் ஏறும், ஆனால் இந்த வேகத்தில் அல்ல. அதனால் அளவு, ஏறும் வேகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே கருவி முடிவெடுக்கும். மருந்து வெடித்ததும் குழாய் வாழைப்பூ மடல்போல விரியும், மின்னோட்டம் முழுவதும் ஃபியூஸுக்குத் தாவும்.

ஃபியூஸுக்குள் நடப்பதுதான் அழகு. குவார்ட்ஸ் மணலில் புதைந்த வெள்ளிப் பட்டை, அதில் வரிசையாகக் குறுகல்கள். எல்லாக் குறுகல்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருகி, ஒவ்வொன்றிலும் ஒரு பொறிவில் (ஆர்க்) எழும். மணல் அந்தச் சூட்டைக் குடித்துத் தானும் உருகி, கண்ணாடிபோல் இறுகும். வரிசையாக நிற்கும் பொறிவில்களின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் அது ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தையே தாண்டிவிடும்! பிரேக்கரோ, மின்னோட்டம் தானாகப் பூஜ்ஜியத்துக்கு வரக் காத்திருக்கும். ஃபியூஸ் அப்படியல்ல, எதிர்த்துத் தள்ளி அதைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குகிறது. தடித்த ஃபியூஸால் இது முடியாது, உருகவே நேரமாகும். அந்தச் சுமையைத்தான் குழாய் சுமந்தது. 88,000 ஆம்பியர் உச்சம் தொட வேண்டியது, ஒரு மில்லி நொடிக்குள், 20,000 அளவிலேயே திரும்பிவிடும். மூன்று ஃபேஸ்களில் வெடித்த ஃபேஸை மட்டும் கருவி அறுப்பதால், அதோடு தொடராக இருக்கும் பஸ் டை பிரேக்கரும் (போர்டின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பிரேக்கர்) உடனே திறந்து மூன்று ஃபேஸ்களையும் பிரிக்க வேண்டும். ஒருமுறை வெடித்தால் அந்தக் குழாய் அவ்வளவுதான். மாற்றுக் குழாய் கப்பலிலேயே இருக்க வேண்டும்.

மீதி வேலை நேர அடுக்கு, அதாவது எந்த பிரேக்கர் எவ்வளவு நேரம் பொறுத்துத் திறக்க வேண்டும் என்ற வரிசை. ஃபீடர் (போர்டிலிருந்து சுமைகளுக்குப் போகும் கிளை) 0.1 நொடி, பஸ் டை 0.25, ஜெனரேட்டர் 0.4. கோளாறுக்கு அருகில் இருப்பவன் முதலில், மற்றவர்கள் பொறுமையாக. காகிதத்தில் பார்க்கச் சுலபம். கெடுப்பது ஜெனரேட்டரின் குணம்: ஷார்ட் மின்னோட்டம் நிலைத்து நிற்காது, சரியும். வோல்டேஜ் ரெகுலேட்டர் தன் சக்தியை ஜெனரேட்டரின் முனையத்திலிருந்தே எடுத்தால், ஷார்ட்டில் முனைய மின்னழுத்தம் விழும், ஜெனரேட்டரின் காந்தப் புலமும் விழும், கடைசியில் மின்னோட்டம் முழுச்சுமையைவிடக் குறைந்துபோகலாம். மின்னோட்டத்தைக் கவனித்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் எந்த ரிலேயும் அதை ஷார்ட் என்று நம்பாது. அதனால்தான் குறைந்தது மூன்று மடங்கு மின்னோட்டத்தை இரண்டு நொடி தாங்கிப்பிடிக்கும் புல அமைப்பைக் கப்பல் விதிகள் கேட்கின்றன. நம் கணக்கில் அது 7,900 ஆம்பியர். ஜெனரேட்டர் ரிலேயை நான்கு மடங்கில் வைத்தால் அது கடைசிவரை விழிக்காது. இரண்டரை மடங்கு, அதாவது 6,500 ஆம்பியர், சரி.

இன்னொரு கண்ணி, மின்னழுத்தம் விழுந்தால் பிரேக்கரைத் திறந்துவிடும் அண்டர்வோல்டேஜ் சுருள். ஷார்ட்டின்போது போர்டு மின்னழுத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். சுருளில் அரை நொடி தாமதம் இல்லையென்றால், ஃபீடர் தன் வேலையை முடிக்கும் முன்பே ஜெனரேட்டர் பிரேக்கர்கள் திறந்துவிடும். ஆயுதபூசைக்குப் பிரேக்கருக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கே தாமத ரிலேயையும் ஒருமுறை சோதித்துவிட்டால் நல்லது.

கடைசியாகத் துறைமுக இரவு. ஒரே ஒரு ஜெனரேட்டர் ஓடுகிறது. 1,000 ஆம்பியர் ஃபீடரின் உடனடி டிரிப்பை யாரோ 12,000-ல் வைத்திருக்கிறார்கள். 80,000-ஐ மனதில் வைத்தால் அது நியாயமாகத்தான் தெரியும். கேபிளின் மறுமுனையில் ஷார்ட் ஆகி 9,000 ஆம்பியர்தான் வருகிறது. உடனடி டிரிப் அசையாது, சூட்டில் வளைந்து பிரேக்கரைத் திறக்கும் வெப்பப் பட்டை சூடேறச் சில நொடிகள் கேட்கும். 0.4 நொடியில் ஜெனரேட்டர் போய்விடும், கப்பல் இருளும். இதே ஃபீடருக்கு 5,000 ஆம்பியரில் 0.1 நொடித் தாமத டிரிப் ஒன்று இருந்திருந்தால் இருளும் வந்திருக்காது. ரிலே கணக்கு கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது, அதன் வரைபடத்தில் ‘ஒரு ஜெனரேட்டர்’ மட்டும் ஓடும்போது வரும் மின்னோட்டத்துக்கான கோடு வரையப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.